ஒரு மஞ்சள் பட்டனும் ஆறு இடமும்: எங்கள் எக்ஸ்ஆர்எஃப் மெஷினின் பீம் ஃபில்டர்கள்

அந்த மஞ்சள் பட்டனை இன்னும் என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். 24 லைன், நான்கு துளை, நல்ல மாம்பழ மஞ்சள். குழந்தைகள் டி-ஷர்ட்டுக்காகப் போன ஆர்டர். எக்ஸ் கதிர் பாய்ச்சி, பொருளில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று காட்டுகிற எங்கள் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் 60 விநாடி வைத்துப் பார்த்தேன். கேட்மியம் என்கிற நச்சு உலோகம் இல்லை என்று வந்தது. ரிப்போர்ட் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, பையர் சொன்ன வெளி லேபில் அதே பட்டனை ஆசிடில் கரைத்துப் பார்த்துவிட்டு கேட்மியம் 130 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 130 பங்கு) என்று எழுதி அனுப்பினார்கள். ஐரோப்பாவின் ரீச் சட்டம் இந்த மாதிரிப் பிளாஸ்டிக்கில் 100 பிபிஎம்முக்கு மேல் விடாது. தைத்து முடித்த சட்டையிலிருந்து பட்டனை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து மாற்றினோம். ராயபுரத்து யூனிட்டில் அக்காமார் மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். அந்தச் செலவை முதலாளி அண்ணா தாங்கிக்கொண்டார். எனக்கு அந்தத் தாளில் என் கையெழுத்து இருந்ததுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

திருப்பூரில் பட்டன், ஜிப், பிரஸ் பட்டன், லேபிள் செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் சோதனை அறை என் பொறுப்பு. மெஷினில் பழுது எதுவும் இல்லை. பிளாஸ்டிக்குக்கு என்று விற்றவர்கள் போட்டுக் கொடுத்த புரோகிராம், ஃபில்டரே, அதாவது கதிரின் வழியில் நிற்கிற மெல்லிய தகடே, இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதற்கு அப்புறம் ஃபில்டர் சக்கரத்தில் இருந்த காலி இடங்களுக்கு இரண்டு ஃபில்டர் தனியாக வாங்கிப் போட்டு, இரண்டு வருடமாக ஒவ்வொன்றையும் பழக்கிப் பார்த்திருக்கிறேன். இங்கே ஆக்சசரீஸ் லேப் வைத்திருக்கிறவர்களும் புதிதாக மெஷின் வாங்கப் போகிறவர்களும் படித்துப் பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டனில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ் கதிர் பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் விடும். அந்த உரிய கதிரைத்தான் கோடு என்கிறோம். டிடெக்டர் எண்ணிப் போடுகிற படத்தில், அதாவது ஸ்பெக்ட்ரத்தில், அது ஒரு கூரிய முகடாக, பீக்காக, எழும். எங்கள் மெஷினில் கதிரை உண்டாக்குவது ரோடியம் ட்யூப். அதிலிருந்து ரோடியத்துக்கே உரிய கோடுகளும் வரும், கூடவே அடியிலிருந்து மேல்வரை எல்லா ஆற்றலிலும் பரவிய எக்ஸ் கதிரும் வரும். உலோகம் அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் என்பதால் விழுங்காது. வந்ததை அப்படியே நாலா பக்கமும் சிதறடிக்கும். அந்தச் சிதறல் டிடெக்டரில் ஒரு மேடாக விழும். கேட்மியத்தின் கே-ஆல்ஃபா பீக் 23.17 கேஇவி-யில் (கேஇவி என்பது கதிரின் ஆற்றலை அளக்கிற அலகு) வர வேண்டும். அது அந்த மேட்டின் மேல்தான் உட்கார வேண்டும். என் அப்பா என்னைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போன நாளில், அத்தனை மாட்டுக்கும் ஆளுக்கும் நடுவே எங்கள் கன்றுக்குட்டியின் மணிச் சத்தத்தைத் தேடினேன். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

இன்னொரு கஷ்டமும் உண்டு. சிதறல் அதிகமானால் டிடெக்டர் திணறும், டெட் டைம், அதாவது அடுத்த கதிரை எண்ண முடியாமல் போகிற நேரம், ஏறும். உடனே மெஷின் தானாகவே ட்யூபின் கரண்டைக் குறைத்துவிடும். நாம் கொடுத்த 60 விநாடியில் பெரும்பகுதி வேண்டாத சிதறலை எண்ணுவதிலேயே கழிந்துவிடும். ஃபில்டர் போட்டால் கதிர் குறைந்துவிடுமே என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். குறையும். ஆனால் வேண்டாத கதிரைத் தடுத்துவிட்டதால், கரண்டைக் கடைசிவரை ஏற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். ஃபில்டரின் லாபமே அங்கேதான் இருக்கிறது.

சரி, சக்கரத்தைப் பார்ப்போம். மொத்தம் ஆறு இடம். ஒன்று வெற்று. மற்றவை செல்லுலோஸ், 25 மைக்ரான் அலுமினியம், அரை மில்லிமீட்டர் அலுமினியம், 0.1 மில்லிமீட்டர் செம்பு, 0.3 மில்லிமீட்டர் செம்பு. இதில் தடித்த அலுமினியமும் தடித்த செம்பும் நாங்கள் பின்னால் வாங்கியவை. சக்கரம் திரும்பும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராமல் கவுண்ட் ஓட ஆரம்பித்தால் நான் உடனே நிறுத்திவிடுவேன்.

தடித்த செம்பில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் மஞ்சள் பட்டனைக் காட்டிக் கொடுத்தது அதுதான். 0.3 மில்லிமீட்டர் செம்புத் தகடு 23 கேஇவி கதிரில் ஆயிரத்துக்கு இரண்டைத்தான் விடும். 30-ல் நூற்றுக்கு ஐந்து, 40-ல் நூற்றுக்கு 27 வரை போகும். கேட்மியத்தின் கே விளிம்பு 26.7 கேஇவி. அதற்கு மேலே உள்ள கதிர்தான் கேட்மியத்தை எழுப்பும். அப்படியானால் பீக் உட்கார வேண்டிய இடத்திலேயே தரையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, அதை எழுப்புகிற கதிரை மட்டும் கொஞ்சம் உள்ளே விடுகிறது இந்தத் தகடு. ட்யூபின் மின்னழுத்தத்தை 50 கேவி-க்கு (கிலோவோல்ட்) ஏற்றி, கரண்டை உச்சத்துக்குக் கொண்டுபோய், 240 விநாடி வைத்தேன். மஞ்சள் பட்டனின் ஸ்பெக்ட்ரத்தில் அந்த மேடு போய், தட்டையான தரையில் 23.17-ல் ஒரு ஊசி நின்றது. திரையில் அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. முன்பும் இதே பட்டன் இதே மெஷினில்தான் இருந்தது.

இதில் ஒரு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். ஃபில்டரை மாற்றிவிட்டுக் கேவி-யை அப்படியே விட்டால் பலனில்லை. 30 கேவி-யில் இந்தச் செம்பைப் போட்டால் கிட்டத்தட்ட எதுவுமே வெளியே வராது. எந்தத் தனிமம் வேண்டும், அதன் விளிம்பு எங்கே, அதைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு கேவி எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஃபில்டர். நேரத்தையும் தாராளமாகக் கொடுங்கள். நேரத்தை நான்கு மடங்கு ஆக்கினால், கண்டுபிடிக்கக்கூடிய அளவு பாதியாக இறங்கும். 60 விநாடிக்கும் 240 விநாடிக்கும் அவ்வளவு வித்தியாசம்.

இன்னொன்றையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 23 கேஇவி கதிருக்கு மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டன் ஒரு தடையே இல்லை. பெரும்பகுதி ஊடுருவி மறுபக்கம் போய்விடும். ஒற்றைப் பட்டனை வைத்து எடுத்தால் எண் குறைவாகத்தான் வரும். இப்போது அதே லாட்டில் ஐந்தாறு பட்டனை அடுக்கி, துளைகள் ஒன்றன் மேல் ஒன்று வராமல் திருப்பி வைத்து எடுக்கிறேன். என் முதல் ரிப்போர்ட்டில் ஃபில்டரும் இல்லை, அடுக்கும் இல்லை.

மெல்லிய செம்பை, அதாவது 0.1 மில்லிமீட்டரை, நான் இப்போது அதிகம் தொடுவதில்லை. 20 கேஇவி-யில் நூற்றுக்கு ஐந்து, 23-ல் 13, 30-ல் 38 விடுகிறது. கவுண்ட் நன்றாக ஏறும், அவசரத்துக்கு உதவும். ஆனால் கேட்மியத்துக்கு அடியில் கொஞ்சம் மேடு மிச்சம் இருக்கும். தகரம், அதாவது வெள்ளீயம், அதிகமாக இருக்கிற சாம்பிளுக்கு இதுவே போதும். 100 பிபிஎம் எல்லையில் நின்று ஆம், இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் இதை நம்ப மாட்டேன்.

செம்பு ஃபில்டரை எப்படித் தினமும் சரிபார்ப்பது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இதற்காகத் திருப்பூரில் எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். பாலியஸ்டர் செய்யும்போது பெரும்பாலும் ஆன்டிமனிச் சேர்மம்தான் கிரியா ஊக்கி. அது நூலிலேயே தங்கிவிடும். வெள்ளைப் பாலியஸ்டர் தையல் நூல் கோன் ஒன்றை இதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கோனின் அடிப்பக்கத்தை மெஷினில் கதிர் வெளியே வருகிற ஜன்னலில் வைத்து, தடித்த செம்பு, 50 கேவி-யில் ஓட்டுவேன். 26.36-ல் ஆன்டிமனி பீக் எழுந்து நின்றால் ஃபில்டர், கேவி, டிடெக்டர் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம். அதே நூலை ஃபில்டர் இல்லாமல் வைத்தால் பீக் சிதறலில் கரைந்து காணாமல் போகும். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். வேறு விளக்கமே தேவைப்படாது.

அடுத்து அரை மில்லிமீட்டர் அலுமினியம். இதை வாங்கும்போது, ‘அலுமினியம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு’ என்று கம்பெனியில் கேட்டார்கள். இருந்தது 25 மைக்ரான். அதைவிட இது இருபது மடங்கு தடிமன். உலோகம் ஒன்றே ஆனாலும் வேலை வேறு. அரை மில்லிமீட்டர் அலுமினியம் 10 கேஇவி கதிரில் நூற்றுக்கு மூன்றைத்தான் விடும். 20-ல் 63 விடும். காரீயத்தின் எல்-ஆல்ஃபா 10.55, எல்-பீட்டா 12.61. ரோடியத்தின் கே கோடு 20.2-ல் இருக்கிறது, காரீயத்தின் விளிம்போ 13-க்கும் 16-க்கும் நடுவே. ஆகவே காரீயத்தை எழுப்பும் ரோடியக் கோடு பெரிய சேதமில்லாமல் உள்ளே போகிறது, காரீயத்தின் பீக்குக்கு அடியில் விழ வேண்டிய சிதறல் அடங்கிவிடுகிறது. அமெரிக்காவுக்குப் போகிற குழந்தைகள் பொருளில் காரீயத்துக்கு 100 பிபிஎம் எல்லை, மேலே பூசிய பெயின்டில் 90. எங்கள் ஆர்டரில் பாதிக்கு மேல் குழந்தைகள் உடுப்புதான். ஒரு நாளில் நான் அதிகம் திருப்புகிற இடம் இதுதான். காசு கொடுத்து வாங்கியதில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

ஃபில்டரால் ஆகாத காரியமும் உண்டு. ஆர்சனிக்கின் கே-ஆல்ஃபா 10.54, காரீயத்தின் எல்-ஆல்ஃபா 10.55. எந்தத் தகடும் இவற்றைப் பிரிக்காது. இரண்டும் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் காரீயத்தை எல்-பீட்டாவில் பார்க்க வேண்டும். அதே மாதிரி, தோல் லேபிளில் குரோமியம் இருக்கிறது என்று மெஷின் சொல்லும். அது ஆறு இணைதிறன் கொண்டதா, மூன்றா என்று எந்த ஃபில்டர் போட்டாலும் சொல்லாது.

25 மைக்ரான் அலுமினியம் பிரிண்ட்டுக்கு. டி-ஷர்ட்டில் போடுகிற பிளாஸ்டிசால் பிரிண்ட் பிவிசி அடிப்படையில் ஆனது. பிவிசி-யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். பையர்கள் பலர் பிவிசி கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிரிண்ட்டிங் யூனிட்டும் பிவிசி இல்லாத மையைத்தான் வாங்கும், ஆனால் ஸ்கிரீனையும் பக்கெட்டையும் சரியாகக் கழுவாமல் பழைய மை கொஞ்சம் கலந்துவிடும். அந்தக் கொஞ்சத்தைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை. குளோரின் 2.62 கேஇவி-யில் வரும். ரோடியத்தின் எல் கோடு 2.70-ல் வந்து தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கும். டிடெக்டர் இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லாது. 25 மைக்ரான் அலுமினியம் அந்த ரோடிய எல் கோட்டை ஆயிரத்தில் ஒரு பங்குகூட விடாது. 5 கேஇவி-யில் நூற்றுக்கு 27, 10-ல் 84 விடுகிறது. மிச்சம் இருக்கிற கதிர் குளோரினை எழுப்பப் போதும். பீக் சின்னதாக வரும், ஆனால் அது குளோரின்தான் என்று நம்பிச் சொல்லலாம்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது, திருப்பூர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது உப்பைக் கொட்டித்தான் ஏற்றுகிறோம். அது சாதா உப்பாக இருந்து துணியைச் சரியாக அலசவில்லை என்றால், துணியே குளோரின் காட்டும். அதனால் அதே சட்டையில் பிரிண்ட் இல்லாத இடத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அப்புறம் பிரிண்ட்டை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. ஒருமுறை பிரிண்ட்டிங் யூனிட்டை நான் குறை சொல்லிவிட்டுப் பார்த்தால், உப்பு சாயப்பட்டறையிலிருந்து வந்திருந்தது. நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தேன்.

எங்கள் லேபில் இருக்கிற தம்பி ஒருவர், நல்ல சுறுசுறுப்பு. அலுமினியம்தானே என்று சமையலுக்குச் சுற்றுகிற 11 மைக்ரான் ஃபாயிலை இரண்டாக மடித்து, சாம்பிளுக்கு அடியில் ஜன்னல் மேல் விரித்துவிட்டார். குளோரின் பீக் சுத்தமாகக் காணாமல் போனது, புதிதாக இரும்பு பீக் ஒன்று முளைத்தது. நானும் அவரும் உட்கார்ந்து பார்த்ததில் இரண்டு பாடம் கிடைத்தது. ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் ட்யூபுக்கும் சாம்பிளுக்கும் நடுவே. சாம்பிளுக்கு அடியில் விரித்தால், உள்ளே போகிற கதிரை மட்டுமின்றி, சாம்பிளிலிருந்து டிடெக்டருக்குத் திரும்பி வருகிற கதிரையும் அது தடுத்துவிடும். குளோரினின் 2.62 கேஇவி அதைத் தாண்டி வரவே வராது. அடுத்தது, சமையல் ஃபாயில் தூய அலுமினியம் இல்லை, அதில் இரும்பு சேர்த்துத்தான் உருட்டுகிறார்கள். ஃபில்டர் தகட்டின் தூய்மை எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். மெஷினின் மூடியைத் திறந்து சக்கரத்தில் கை வைக்கலாமா என்று தம்பி கேட்டார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அது எக்ஸ் கதிர்க் கருவி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டது. ஃபில்டரை மாட்டுவதும் கழற்றுவதும் சர்வீஸ் இன்ஜினியர் வேலை.

செல்லுலோஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சாம்பிள்களுக்கு அது தேவைப்படவில்லை. வெற்று இடத்தை அலுமினியம், சிலிக்கான், கந்தகம் மாதிரி லேசான தனிமங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

விற்றவர்களிடம் எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். பின்னால் வாங்கிய இரண்டு ஃபில்டரும் தரத்தில் குறையில்லாமல் இருக்கின்றன. தகடு நெளியவில்லை, ஓரம் பிசிறில்லை. ஆனால் முதலில் வந்த மூன்றும் எந்தப் பொருள், என்ன தடிமன் என்று கேட்டு மூன்று மாதம் மெயில் அனுப்பினேன். மேனுவலில் ‘ஃபில்டர் 1, ஃபில்டர் 2’ என்று மட்டும்தான் போட்டிருந்தது. போனில் பேசிய இன்ஜினியர், ‘ஆட்டோவிலேயே போடுங்க மேடம், அதுவே எடுத்துக்கும்’ என்றார். ஆட்டோ எடுத்துக்கொண்டதன் விலை என் டிராயரில் கிடக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள், ட்யூபின் உலோகம், ஒவ்வொரு ஃபில்டரின் உலோகம், தூய்மை, தடிமன் எல்லாவற்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். டங்ஸ்டன் ட்யூப், வெள்ளி ட்யூப் என்றால் நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். வெள்ளியின் எல் கோடு 2.98-ல், டங்ஸ்டனின் எல் கோடு 8.4-ல் துத்தநாகத்தின் பக்கத்தில் வந்து விழும். பட்டன், பிரிண்ட் மட்டும் பார்க்கிற லேப் என்றால் மெல்லிய அலுமினியம், தடித்த அலுமினியம், தடித்த செம்பு மூன்றும் கட்டாயம் கேளுங்கள். மற்றவற்றுக்குக் காசு மிச்சம் பிடிக்கலாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு பாத்திரக்காரப் பெரியவர் வந்தார். முதலாளி அண்ணாவுக்குத் தெரிந்தவர். துண்டில் சுற்றி ஒரு சொம்பு கொண்டுவந்திருந்தார். ரசம் வைக்கிற சொம்பு.

“ஏனுங்க அம்முணி, இதுல ஈயம் எத்தனை இருக்குதுன்னு உங்க பொட்டி சொல்லுமாங்க?”

“எந்த ஈயமுங்க ஐயா? வெள்ளீயமா, காரீயமா?”

அவர் சிரித்தார். “அதைத்தானுங்க கேக்க வந்தேன். ஊருக்குள்ள ரெண்டையும் ஈயம்னுதான் சொல்றாங்க. மக வூட்டுக்குக் குடுக்கறது. காரீயம் கலந்திருந்தா வேண்டாமுங்க.”

அந்தக் கேள்விக்கு ஒரு ஃபில்டர் போதாது. தடித்த செம்பில் 25.27-ல் தகரத்தின் பீக் பனைமரம் மாதிரி எழுந்தது. அப்புறம் சக்கரத்தைத் தடித்த அலுமினியத்துக்குத் திருப்பி 240 விநாடி வைத்தேன். பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பு வளைவாக இருப்பதால் எண்ணைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, காரீயம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்னேன். அடிப்பக்கம், பக்கவாட்டு, வாய் விளிம்பு என்று மூன்று இடத்தில் எடுத்தேன். அடியிலும் பக்கத்திலும் 10.55, 12.61 இரண்டு இடமும் தட்டையாக இருந்தன. வாய் விளிம்பில் இரண்டிலும் பீக் நின்றது. அங்கே ஒரு பற்றுவைத்த தடம் இருந்ததை அவரே விரலால் தடவிக் காட்டினார்.

“இது பின்னால ஒட்டுப்போட்டதுங்க. பத்தாசுல கலந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டு, சொம்பை மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டார். அந்த விளிம்பை வெட்டி எடுத்துவிட்டு, சுத்த வெள்ளீயத்தில் புதுசாக வார்த்துக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வந்ததும் அதே மூன்று இடத்தில், அதே இரண்டு ஃபில்டரில் எடுத்துப் பார்க்க வேண்டும்.